எட்டாவது அட்டை

சின்னவன் வீடு திரும்பி ஒரு வாரம் ஆகிறது. ஒன்பது வருஷமாக எங்கே இருந்தான் என்று இன்னும் யாரும் அவனைக் கேட்கவில்லை.

கேட்கக் கூடாது என்று யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அம்மாவுக்குப் பயம். கேட்டால் பையன் மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவானோ என்று. பெரியவன் காலையில் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறான். தம்பியைப் பார்த்தால், "சாப்டியா?" என்கிறான். தம்பி, "ஆச்சு" என்கிறான். அதோடு சரி. அப்பா இருந்திருந்தால் வாசலிலேயே கேட்டிருப்பார், வீடு இரண்டாகியிருக்கும். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

மீதி இருப்பவள் பெரியவனின் மனைவி, அண்ணி.

அது சினிமாக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர். கல்யாணமான புதிதில் ஒரு படத்துக்கு வசனம் எழுத உதவப் போனாள். அங்கிருந்த அசிஸ்டென்ட் பையன்கள் அண்ணி, அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், ஒட்டிக்கொண்டது. உரிமையோடு அப்படிக் கூப்பிட வேண்டிய ஒரே ஆள் மட்டும் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. போன வாரம் கதவைத் திறந்தவளிடம், தோளில் பையோடு நின்ற தாடிக்காரன், "நீங்கதான் அண்ணியா?" என்றபோது, ஏதோ சினிமா கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவளும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவளுடைய காரணம் வேறு.

போன வாரம் வரை அவனை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் மூன்று வருஷமாக அவனைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அவனுடைய பழைய அறைதான் அவள் எழுதுகிற அறை. சுவரில் பன்னிரண்டு அட்டைகளை வட்டமாக ஒட்டியிருந்தாள். அவன் வந்த அன்று, கட்டிலைத் தட்டிப் போடுகிற சாக்கில் ஒரு போர்வையை எடுத்துச் சுவரை மூடிவிட்டாள். துணி காயப் போட்டிருப்பதாக அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள்.

இன்று காலை டீயோடு போனபோது போர்வை கட்டிலின் ஓரத்தில் மடிப்பு கலையாமல் இருந்தது. சின்னவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் போர்டு படிக்கிறவனைப் போல அட்டைகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஆணி கழண்டு விழுந்துடுச்சு அண்ணி. மடிச்சு வச்சேன்" என்றான். பிறகு, "ஷூ இல்லை" என்றான்.

"எது?"

"அஞ்சாவது அட்டையில, அப்பா மகனோட ஷூவைத் தெருவுல எறியறார்னு எழுதியிருக்கீங்க. எறிஞ்சது ஹெல்மெட். ஷூவை நான் போட்டிருந்தேன்."

அவள் டீயை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவன் பேச்சு அடிபடாத நாளே இல்லை என்றாள். அவன் ஓட்டின பைக், பாதியில் விட்ட படிப்பு, அப்பாவோடு போட்ட சண்டை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் காதில் விழுந்து, ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். வீட்டை விட்டுப் போன ஒருவனின் கதை. போனவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாததால் அவளாகவே அவனை ஒரு சுரங்கத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

"சுரங்கமா?" என்றான்.

"தெரியாம எழுதிட்டேன்."

"நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குக் கீழ ஒரு குழி இருக்கும், அதுல இறங்கி வேலை பார்ப்போம். அது கணக்குல சேருமா பாருங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான், இந்த ஒன்பது வருஷத்தைப் பற்றி இந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் தகவல் அதுதான் என்று உறைத்தது.

அட்டைகளை ஏன் வட்டமாக ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டான். அவள் சொன்னாள். எந்த நாட்டுப் பழங்கதையை எடுத்துப் பார்த்தாலும் அடியில் ஏறக்குறைய ஒரே பாதைதான் ஓடுகிறது. ஒருவன் வீட்டில் இருக்கிறான். வெளியே வா என்று எதுவோ கூப்பிடுகிறது. முதலில் மாட்டேன் என்கிறான். யாரோ தைரியம் சொல்கிறார்கள். வாசலைத் தாண்டுகிறான். சோதனை மேல் சோதனை வருகிறது. எல்லாவற்றுக்கும் கீழே பாதாளம் மாதிரி ஓர் இடம், அங்கே செத்துப் பிழைக்கிறான். பிறகு கையில் எதையோ எடுத்துக்கொண்டு, கிளம்பின இடத்துக்கே திரும்புகிறான். அதனால்தான் வட்டம். ராட்சசனைக் கொல்லப் போன ராஜகுமாரனுக்கும் இதுதான், வேலை தேடிப் போன டிரைவருக்கும் இதுதான். சினிமாவுக்கு எழுதுகிறவர்கள் இதை ஒரு மேப் போல வைத்துக்கொள்வார்கள்.

"எட்டாவதுல தலைப்பு மட்டும் இருக்கு."

'திரும்பி வர மறுத்தல்' என்று எழுதி, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

"அது இன்னும் பிடிபடலை" என்றாள். பிறகு, ஒரு வாரமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னாள். "உங்களைக் கேக்காம எழுதிட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, இன்னியோட நிறுத்திடறேன்."

மூன்று வருஷ உழைப்பு. குரல் பிசிறாமல் சொல்ல முடிந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சின்னவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, அவள் இன்று டைரக்டரைப் பார்க்கப் போவதாக அம்மா சொன்னாள், தானும் வரலாமா என்று கேட்டான். வீட்டிலேயே உட்கார்ந்து கால் மரத்துப்போய்விட்டதாம்.

டைரக்டரின் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்று அடிக்கிற சத்தமும் ரப்பர் வாசனையும் எந்நேரமும் மேலே ஏறிவரும். மனிதர் இரண்டு படம் எடுத்திருக்கிறார். முதல் படம் ஓடியது. இரண்டாவது படுத்துவிட்டது. அதிலிருந்து அவருக்கு முதுகுவலி. கதை கேட்பதென்றால் பாயை விரித்து, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். பழக்கமில்லாதவர்கள், தூங்கிவிட்டார் என்று நிறுத்திவிடுவார்கள். "நிறுத்தாதீங்க" என்று பாயிலிருந்து குரல் வரும்.

கொழுந்தன் என்று அண்ணி அறிமுகம் செய்துவைத்தாள். டைரக்டர் படுத்தபடியே வணக்கம் சொல்லி, ஜன்னலோர நாற்காலியைக் காட்டினார்.

அவள் கதை சொல்ல ஆரம்பித்தாள். ஹெல்மெட் தெருவில் விழுந்தது. அவன் ரயில் ஏறினான். சுரங்கத்தில் சேர்ந்தான், கூட்டாளிகளைச் சம்பாதித்தான். சுரங்கம் சரிந்தது. அவள் சொல்லும்போது கீழே காற்று அடிக்கிற சத்தம்கூடக் கேட்காததுபோல் இருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"மண்ணுக்கு அடியில இருந்து அவனை வெளிய எடுக்கறாங்க. மறுநாள் காலையில ரயில் ஏறிடறான்."

டைரக்டர் கண்ணைத் திறந்தார். "ஏன்?"

"வீட்டுக்குப் போகணும்னு தோணிடுச்சு."

"தோணும். ஆனா உடனே போயிட முடியுமா? அப்பா வாசல்ல வச்சு, இனிமே இங்க வராதேன்னு சொல்லியிருக்கார். அந்த வாசலுக்கு மறுபடி போறது சுரங்கத்துக்குள்ள போறதைவிடப் பெரிய பயம் இல்லையா?"

அவள் யோசித்து, சரிவில் அவனுக்குக் கால் முறிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாமா என்றாள். கால் கூடியதும் வந்துவிடுவானே என்றார் அவர். அங்கே ஒரு பெண்மீது அவனுக்கு ஆசை என்றாள். அவளையும் அழைத்துக்கொண்டு வரட்டும், டிக்கெட் நாம் எடுத்துக் கொடுப்போம் என்றார். கையில் ஒன்றும் சம்பாதிக்கவில்லையே என்ற வெட்கம் என்றாள். அது எல்லாப் படத்திலும் இருக்கிறது என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே சின்னவன் எழுந்து, சத்தமில்லாமல் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டான்.

டைரக்டர் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "இந்த வட்டம் இருக்கே அண்ணி, இதை மட்டும் வச்சுக் கதை பண்ண முடியாது. நானே பண்ணிப் பார்த்து முதுகை ஒடிச்சுக்கிட்டேன். ஆனா ஒரு கதை எந்த இடத்துல பொய் சொல்லுதுன்னு அது காட்டிக் கொடுத்துடும். எட்டாவது இடத்துல உங்க கதை பொய் சொல்லுது. உங்களுக்கும் அது தெரியும், அதான் அந்த அட்டையைக் காலியா விட்டிருக்கீங்க."

அவர் அடுத்துச் சொன்னதும் கோபத்தில் சொன்னதல்ல. தயாரிப்பாளர் கையில் ஒரு காமெடிக் கதையும் இருக்கிறது. எதை முதலில் எடுப்பது என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார். அதற்குள் இந்த ஓட்டை அடைபட வேண்டும். இல்லையென்றால் காமெடி முந்திக்கொள்ளும், இது அலமாரிக்குப் போகும். அண்ணியின் இன்னொரு கதை ஏற்கெனவே அந்த அலமாரியில்தான் இருக்கிறது. உள்ளே போன கதை எதுவும் அங்கிருந்து வெளியே வந்ததை அவள் பார்த்ததில்லை.

"உங்க கொழுந்தனுக்குப் போரடிச்சிருச்சு போல" என்றார் டைரக்டர்.

சின்னவன் பஸ் ஸ்டாப்பில் இருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் போக வேண்டிய பஸ் வந்தது. அவள் எழுந்தாள், அவன் எழவில்லை. பஸ் போனது.

"அந்த எட்டாவது அட்டையை நான் சொல்லட்டுமா?" என்றான்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், போன வேலையைப் பற்றி முதலாளியிடம் சொல்கிற மாதிரி. வீட்டை விட்டுப் போய் அப்போது இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டுக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே எவனோ தெரியாமல் கரண்டைப் போட்டுவிட்டான். லிஃப்ட் இறங்கியது. அவன் அப்படியே குழியில் படுத்தான். மூக்குக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. வெளியே எடுத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீரைக் குடிக்கும்போதே வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது.

"டைரக்டர் நம்ப மாட்டேங்கறார். ஆனா நீங்க எழுதினது நிஜம். மறுநாள் காலையிலேயே ரயில் ஏறிட்டேன். வந்தும் சேர்ந்தேன். வீட்டுக்குள்ளதான் வரலை."

வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் கல்யாண ஹாலில் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். யாருக்குக் கல்யாணம் என்று கேட்கக்கூட வெட்கமாக இருந்ததாம். விசாரித்துக்கொண்டு அந்த ஹாலுக்குப் போனான். கிரீஸ் கறை படிந்த பேண்ட்டோடு உள்ளே எப்படிப் போவது என்று எதிர்ப்பக்கம் ஒரு வேனுக்கு மறைவில் நின்றான். வாசலில் அப்பா எல்லோருக்கும் கைகொடுத்து வரவேற்றுக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா அவ்வளவு நேரம் சேர்ந்தாப்பல சிரிச்சு நான் பார்த்ததில்லை அண்ணி."

"எங்க கல்யாணமா?"

"ஆமா. கார்லேருந்து இறங்கினீங்க. பச்சை கலர்ல இருந்தீங்க."

போன வாரம் கதவருகே நின்று, 'நீங்கதான் அண்ணியா?' என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறான். அவள் தெருவில் ஒரு லாரி போய் முடிக்கட்டும் என்று காத்திருந்து, அங்கே அவனை யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

சின்னவன் உள்ளங்கையைப் பார்த்தான். பொய் சொல்ல முயன்று, வேண்டாம் என்று விட்டதுபோல் இருந்தது.

"அண்ணன் பார்த்தான்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"வெளிய வந்தான். என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டான். அழுதான்கூட. அப்புறம், 'இன்னிக்கு வேண்டாம்டா, அப்பா இன்னிக்குத்தான் கொஞ்சம் நல்லா இருக்கார், நாளைக்கு வா'ன்னான். தப்பா ஒண்ணும் சொல்லலை. கல்யாண மாப்பிள்ளை, வேற என்ன சொல்லுவான்? நாளைக்கு நான் வந்திருக்கணும். வரலை. ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போயிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அவன் வேண்டாம்னு சொன்னதும் எனக்கு வருத்தமே இல்லை. அப்பாடான்னு இருந்துச்சு. அப்பா முன்னால போய் நிக்க வேண்டாம் பாருங்க. அதைத்தான் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்ல முடியலை."

அண்ணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். கிடைத்துவிட்டது, இதுதான் சீன். வாசல் வரை வந்தவனை அன்புதான் தடுத்தது, தடுத்ததும் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. டைரக்டர் பாயிலிருந்து துள்ளி எழுந்துவிடுவார். அந்தச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது.

கல்யாணத்தன்று, போட்டோவுக்கு நிற்கிற நேரத்தில் மாப்பிள்ளையைக் காணோம். போட்டோக்காரர் கேமராவை வைத்துக்கொண்டு முறைக்கிறார். திரும்பி வந்தவன், யாரோ காரைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள் என்றான். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அதில் என்ன இருந்தது? பிறகு எத்தனையோ தடவை தம்பியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவன் ஒரே மாதிரிதான் முடிப்பான். 'அதுக்கப்புறம் அவனை நாங்க யாரும் பார்க்கவே இல்லை.' அந்த வரியை அவள் ஒரு எழுத்து மாற்றாமல் வசனமாகவே எழுதி வைத்திருக்கிறாள்.

"இதை எழுதலாமா?" என்று கேட்டாள்.

"எழுதுங்க. சுரங்கம்னே இருக்கட்டும், எனக்குப் பரவாயில்லை. ஆனா அண்ணன் காதுல முதல்ல போட்டுடுங்க. தியேட்டர்ல உக்கார்ந்து அவன் தெரிஞ்சுக்கக் கூடாது."

அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். வழியில் கண்ணாடிக் கடை நிறுத்தம் வந்ததும் அண்ணி இறங்கிக்கொண்டாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி வீட்டுக்குப் போனான். அம்மா அவனுக்காகச் சாப்பிடாமல் காத்திருப்பாள்.

சாயங்கால வெயில் கடைக்குள் வந்து, வரிசையாக மாட்டியிருந்த ஃபிரேம்கள்மேல் பட்டுக்கொண்டிருந்தது. கூட்டமில்லை. ஒரு பெண்மணி மட்டும் கண்ணாடியைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெரியவன் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும், இது முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது, இது கொஞ்சம் பெரிசு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரிடமும் கடுமையாகப் பேச வராது. அந்தக் குணத்துக்காகத்தான் அண்ணி அவனைக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண்மணி போனதும், டைரக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தான்.

"ஒரு சீன் குறையுதுன்னார். கிடைச்சிருக்கு. கேக்கறீங்களா?"

"சொல்லு."

அவள் எழுதுகிற எல்லா சீனையும் முதலில் கேட்பது அவன்தான். கேட்கும்போது கை சும்மா இருக்காது. இன்றும் கால் கழன்ற ஒரு கண்ணாடியை எடுத்துவைத்துக்கொண்டு, குண்டூசித் தலை அளவு ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தான். அவள் கண் பரிசோதனை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் பின்னால் சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கின.

"ஹீரோ பொழைச்சுட்டான். மறுநாளே ரயில் ஏறி ஊருக்கு வந்துடறான். வீடு பூட்டியிருக்கு."

"ம்."

"எல்லாரும் கல்யாண ஹால்ல இருக்காங்க. இவன் எதிர்ப்பக்கம் நின்னு பார்க்கறான். வாசல்ல அப்பா சிரிச்சுக்கிட்டு இருக்கார்."

அவன் 'ம்' கொட்டவில்லை. ஸ்க்ரூ டிரைவர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"உள்ளேருந்து அண்ணன் வர்றான். கல்யாண மாப்பிள்ளை. தம்பியைப் பார்த்துட்டு ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கறான். அழறான். அப்புறம், இன்னிக்கு வேண்டாம்டா, நாளைக்கு வான்னு சொல்றான். தம்பி தலையை ஆட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போயிடறான். அண்ணன் உள்ள வந்து, யாரோ காரைக் குறுக்கே நிறுத்திட்டாங்கன்னு பொண்டாட்டிகிட்ட சொல்றான்."

ஸ்க்ரூ அவன் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து தேடினான். அது அவன் காலருகிலேயே கிடந்தது, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவன் வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தான். கோபப்பட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். இப்போது அவன் முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சேர்த்து இவனை நம்புகிற மாதிரி அவள் யாரையும் நம்பினதில்லை. அன்று அவன் செய்தது அவளுக்குப் புரியாமலும் இல்லை. தம்பியிடம் அவன் சொன்னதைப் போலத்தான் அவளும் சொல்லியிருப்பாள்.

அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள்.

அவன் நிமிர்ந்தான். கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவன் இதை மட்டும்தான் சொன்னானா?" என்று கேட்டான்.